முண்டியம்பாக்கத்தில் இருந்து ஒரு நாள் புதுச்சேரி: முதல்முறை போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கலாம்?

பாரிஸ் போக விசா வேண்டும். முண்டியம்பாக்கத்துக்காரர்கள் பிரெஞ்சு நகரம் பார்க்க விழுப்புரத்தில் பஸ் மாறினால் போதும். அங்கிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர்தான்.

ஆரோவில்லையும் அதே நாளில் சேர்க்க வேண்டாம். மாத்ரி மந்திர் உள்ளே போக முன்பதிவு அவசியம். இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்.

கடற்கரைப் பக்கம் நடந்தே சுற்றலாம். 1836-ல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச்சின்னம், பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை லீவு (பாரிஸ் லூவருக்குச் செவ்வாய்).

பலரும் மஞ்சள் சுவர் முன் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாதி ஊர் பாக்கி! பிரெஞ்சு ஆட்சியில் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். அந்த வாய்க்காலைத் தாண்டினால் திண்ணை வைத்த தமிழ் வீடுகள், ஈஸ்வரன் கோயில் தெருவில் பாரதியார் இல்லம். விழுப்புரம் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சி. புதுச்சேரியில் அவர்கள் சட்டம் செல்லாது. அதனால்தான் கைதுக்குத் தப்பி 1908-ல் பாரதி இங்கே வந்தார். 10 வருஷம் கழித்து வெளியேறியபோது கடலூர் அருகே கைதானார்.

மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை. ஊர் திரும்பும் முன் அங்கே நிம்மதியாக நடக்கலாம்.