ஆகமன காலத்து ஒருசந்தி

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் வேங்கிக்கால் தெருவில் பல வீட்டுக் கொடியில் கறுப்பு வேட்டி காயும். மாலை போட்டிருந்த பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "ஏங்க ஐயா, கிறிஸ்துமஸுக்கு முன்னாடி உங்களுக்கு விரதம் ஒண்ணும் கிடையாதா? ஸ்டார் கட்டறீங்க, பாட்டுப் பாடிக்கிட்டு வீடு வீடா வர்றீங்க, கேக் வெட்டறீங்க. நோன்பெல்லாம் ஈஸ்டருக்கு மட்டும்தானா?"

"இருந்தது தம்பி, நாங்கதான் விட்டுட்டோம்" என்றேன். வாசலில் நின்றபடி அவருக்குச் சொன்னது கொஞ்சம். நம்மவர்களிலேயே அறுபது வயதுக்கு உட்பட்டவர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இன்று திருவருகைக் காலம் என்று சொல்கிறோமே, அதைப் பழைய செபப் புத்தகங்கள் ஆகமன காலம் என்றன. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள்தாம் கணக்கு. முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கு முன்பும் வராது, டிசம்பர் 3-க்குப் பின்பும் போகாது. ஆகவே இந்தக் காலம் சில வருடம் 28 நாள், சில வருடம் 22 நாள்தான். 2023-இல் நான்காம் ஞாயிறும் டிசம்பர் 24-ம் ஒரே நாளாக வந்து, காலையில் ஆகமனப் பூசையும் இரவில் பாலன் பிறப்புப் பூசையுமாகக் கோவில்பிள்ளைகளைத் திண்டாட வைத்தது பலருக்கு நினைவிருக்கும்.

இதன் தொடக்கம் ஒரு நோன்புதான். பிரான்சு தேசத்தில் தூர் என்ற நகரத்தின் ஆயராக 5-ஆம் நூற்றாண்டில் இருந்த பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-இல் வரும் மார்த்தினார் திருநாள் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் ஒருசந்தி இருக்கச் சொன்னார். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தைப் போலவே இதுவும் என்பதால் மார்த்தினார் தபசு காலம் என்றே பெயர் வந்தது. பிறகு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கழற்றிக்கொண்டே வந்தார்கள். ஆறு வாரம் நான்கு வாரமானது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு வந்தபோது மிஞ்சியவை, ஆகமனத்தின் மூன்றாம் வாரத்தில் புதன், வெள்ளி, சனி என்று மூன்று நாள். அத்துடன் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளான திருவிழிப்பு. 1966 பிப்ரவரியில் ஆறாம் பவுல் பாப்பரசர் அவற்றையும் எடுத்துவிட்டார். ஒருசந்திக் கடமை விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் என்றானது.

பக்கத்துக் கேரளத்தில் சுரியானிக் கிறிஸ்தவர்கள் இன்றும் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு பிடிக்கிறார்கள். மீனும் இறைச்சியும் அந்த வீடுகளில் 25-ஆம் தேதிதான் அடுப்பேறும். இலத்தீன் வழியில் வந்த நாம்தான் மறந்தோம்.

ஒருசந்தி என்ற சொல்லே அருமையான சொல். ஒரு நாளைக்கு ஒருமுறை வயிறார உண்பது. இறைச்சியை விலக்குவது வேறு. அதற்குச் சுத்தபோசனம் என்று பெயர். இரண்டு சொல்லும் இந்த மண்ணில் ஏற்கெனவே விரதம் இருந்தவர்களிடமிருந்து வந்தவை. ஆனால் இந்த மாவட்டத்தில் வேதம் பரவிய வரலாற்றைப் பார்க்கும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு. 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது. 1776-இல் புதுச்சேரி மிஷன் பாரிஸ் வேதபோதக சபையின் கைக்கு வந்தது. ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களில் பெருந்திரளாக மக்கள் ஞானஸ்நானம் பெற்றது நூறு வருடம் கழித்து, 1876 முதல் 78 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டித்தான். சேத்துப்பட்டைச் சுற்றி தாராஸ் சாமியார் ஊர் ஊராக அலைந்தது அந்தக் காலத்தில். இன்று சேத்துப்பட்டில் நிற்கும் லூர்து மாதா கோவிலுக்குப் பின்னால் அந்தப் பசி இருக்கிறது. ஒரு வேளைக் கூழே நிச்சயமில்லாத ஒரு குடும்பத்திடம் போய், ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது என்று உபதேசியார் எப்படி விளக்கியிருப்பார்? வருடத்தில் பாதி நாள் அவர்கள் இருந்தது அதுதானே.

நோன்பின் மறுபாதி தர்மம். மிச்சம் பிடித்த ஒரு வேளைச் சோறு இல்லாதவனுக்குப் போக வேண்டும் என்பது ஆதி முதல் உள்ள விதி. சாப்பாட்டு விதி போன பிறகும் இது மட்டும் பங்குகளில் தங்கிவிட்டது. 1833-இல் பாரிஸில் மாணவராக இருந்த ஒசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையார் டிசம்பரில் துணியும் அரிசியும் சேர்ப்பது இதன் தொடர்ச்சிதான். கேக் பெட்டிக்கு நடுவில் அவர்களுடைய நோட்டுப் புத்தகம் வரும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். ஆகமன காலத்தில் மிகப் பழையது அந்த நோட்டுதான்.

புதுச்சேரியில் இந்த மாதம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இந்தச் சொற்கள் முதலில் அந்த மொழியில்தான் வந்தன. ஆகமனம் அவான், கிறிஸ்துமஸ் நோயேல். டிசம்பர் 8 அமலோற்பவ மாதா திருநாள். சம்பா கோவிலுக்கு அதுதான் பெருவிழா. சம்பா என்பது வேறொன்றுமில்லை, சேசு சபையார் காலத்து அர்ச். சின்னப்பர் பெயர், சான் பவுலோ, நம் வாயில் தேய்ந்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பழைய கோவில் இடிபட்டு, இப்போதுள்ள கட்டடம் 1791-இல் முடிந்தது. ஊதா உடுப்பு மாதத்தின் நடுவே அந்த ஒரு திருநாள் மட்டும் வெள்ளை உடுப்பும் வெளிச்சமுமாக வந்து போகும்.

மற்றபடி மாதம் அடக்கமாகத்தான் இருக்கும். பூசையில் வானவர் கீதம் கிடையாது. அது 24 நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும். மூன்றாம் ஞாயிறு மட்டும் ஊதாவுக்குப் பதில் ரோஜா நிற உடுப்பு, பாதி வழி தாண்டிவிட்டோம் என்று ஆறுதல் சொல்வது போல. 24 அன்று வீட்டில் சுத்தபோசனம். நடுச்சாமப் பூசை முடிந்து வந்து சாப்பிடும் விருந்துக்குப் பிரெஞ்சில் ரெவெய்யோன் என்று பெயர். விழித்திருத்தல் என்ற பொருளிலிருந்து வந்த சொல். பகலெல்லாம் வயிறு காய்ந்தவனுக்கு இரவு ஒன்றரை மணிக்குக் கிடைக்கும் சாப்பாடு அது. இப்போது அந்தப் பெயரில் ஓட்டல்களில் மாலை ஏழரைக்கே இலை போடுகிறார்கள். ரவையும் ரம்மில் ஊறிய பழமும் சேர்ந்த விவிக்கம் கேக்குக்குப் பழம் ஊறவைக்கும் வாசனை வீட்டில் முன்பே இருக்கும். கேக் மட்டும் 25-க்கு முன் கண்ணில் படாது.

குடிலுக்குத் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகள். 1223-இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலையூரில் பிரான்சிஸ் அசிசியார் வைத்த குடிலில் பொம்மையே இல்லை. வைக்கோலும் மாடும் கழுதையும்தான். பிரான்சின் தென்பகுதியான புரோவான்சில் டிசம்பர் 4, பார்பரம்மாள் திருநாளன்று தட்டுகளில் கோதுமை விதைத்து, முளைத்த பச்சையைக் குடிலருகே வைப்பார்கள். நம் வீடுகளில் கேழ்வரகு. முளைப்பாரி போட்டுப் பழகிய நாட்டில் இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இன்று பச்சைப் பிளாஸ்டிக் புல் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. விதைத்துப் பத்து நாள் தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் ஆகமனத்தின் அர்த்தம் குழந்தைகளுக்குப் புரிந்தது.

என் வயதுக்காரர்கள் இதையெல்லாம் பேசும்போது பழைய காலமே புனிதமானது என்று கண் கலங்குவார்கள். அவர்களுக்கு ஒன்று நினைவுபடுத்துவேன். அதே சம்பா கோவிலில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் அதை இடித்ததும் எழுந்த தகராறை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுவர் போன பின்பும் பல ஊர்க் கோவில்களில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்ற கணக்கு போகவில்லை. இலத்தீன் பாடற்பூசை இனிமையாகத்தான் இருந்தது. எங்கே உட்கார்ந்து கேட்டோம் என்பதைப் பொறுத்தது அந்த இனிமை.

மொழி மாறியதும் இந்த ஆகமன காலத்தில்தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. வழிபாட்டில் அந்தந்த நாட்டு மொழிக்கு இடம் தந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு வெளியானது 1963 டிசம்பர் 4, முதல் வாரத்துப் புதன்கிழமை. மறு வருடம் ஆகமனத்தின் முதல் வாரத்தில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு ஆறாம் பவுல் வந்தார். டிசம்பர் 2 முதல் 5 வரை இருந்தார். புதிய பூசைப் புத்தகம் நடைமுறைக்கு வந்தது 1969 நவம்பர் 30. அதுவும் ஆகமன முதல் ஞாயிறு. பூசை திருப்பலி ஆனது, சாமியார் அருட்தந்தை ஆனார், சேசு இயேசு ஆனார், பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆயிற்று. என் தலைமுறைக்கு நாக்கு இரண்டு பக்கமும் இழுக்கும். ஆனால் முதல் தடவையாக, என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னோம்.

இப்போது எல்லாப் பங்கிலும் இருக்கும் ஆகமன வளையத்தை நம் பாட்டனார் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பசுந்தழை வட்டத்தில் மூன்று ஊதா, ஒரு ரோஜா நிற மெழுகுவர்த்தி. ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுகிறோம். இது கத்தோலிக்கரின் கண்டுபிடிப்பே அல்ல. 1839-இல் ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய வீஹெர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வர்த்தியும் மற்ற நாட்களுக்குச் சின்ன வர்த்தியும் வைத்து நாள் எண்ணக் கற்றுத்தந்தார். கத்தோலிக்கர் எடுத்துக்கொண்டது 20-ஆம் நூற்றாண்டில். டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்த திருவண்ணாமலைக்காரர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் பெருமைப்படலாம்.

இன்னொரு பொருத்தம் உண்டு. டிசம்பர் 17 முதல் 24 வரையுள்ள எட்டு நாளுக்கு வழிபாட்டில் தனி வாசகங்கள், தனி முன்பாடல்கள். காத்திருப்பு இறுகும் நாட்கள் அவை. மார்கழி பிறப்பது ஏறக்குறைய அதே நாளில். மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடிய ஊர் இது என்பது இங்கே எல்லோரும் நம்புவது. ஐரோப்பாவின் நடுப்பகுதியில், ஆகமன காலத்து விடியலுக்கு முன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மட்டும் மாதாவின் பூசை வைக்கும் வழக்கம் இருக்கிறது. குளிர் மாதத்தின் இருட்டில் எழுந்து பாட வேண்டும் என்று இரண்டு இடத்திலும் தோன்றியிருக்கிறது.

கேரல் பவனி பற்றி என் கருத்து எல்லோருக்கும் பிடிக்காது. டிசம்பர் முதல் வாரமே டிரம்ஸும் கிறிஸ்துமஸ் தாத்தாவுமாக அன்பியம் அன்பியமாகப் புறப்படுவது, சீமந்தத்துக்கு முன்பே பெயர் சூட்டுவது போல. 17-க்குப் பிறகு போங்கள் என்று பங்குப் பேரவையில் சொல்லிப் பார்த்தேன். 400 வீட்டை ஒரு வாரத்தில் எப்படி முடிப்பது என்று கேட்டார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. தாத்தா விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நம்மைவிடக் கோபக்காரர்கள். 1951 டிசம்பர் 23 அன்று திழோன் நகரப் பேராலயத்தின் முன், பங்குப் பிள்ளைகள் பார்க்க அவருடைய உருவத்தைக் கொளுத்தினார்கள். லெவி ஸ்திராஸ் என்ற பேரறிஞர் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். நான் அரசாங்கக் குமாஸ்தா வேலை பார்த்தவன். கொளுத்தச் சொல்ல மாட்டேன், தேதியை மட்டும் தள்ளிவைக்கச் சொல்வேன்.

2024-இல் முதல் ஞாயிறு டிசம்பர் 1. பெஞ்சல் புயல் மழையில் காலையில் வந்தவர்கள் சொற்பம். ஈரக் குடைகளுக்கு நடுவே முதல் வர்த்தியை ஏற்றினார்கள். அன்று மாலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு பெயர்ந்து வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர்; அதில் ஐந்து பேர் குழந்தைகள். அடுத்த இரண்டு நாளில்தான் உடல்களை எடுக்க முடிந்தது. அந்த வாரம் இந்த ஊரில் யாரும் பாட்டுப் பாடவில்லை. டிசம்பர் 13 அன்று மகாதீபம் ஏற்றியபோது பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை, கீழிருந்தே கும்பிட்டார்கள்.

வின்சென்ட் தே பவுல் சபையாரின் நோட்டு அந்த வருடம் மூன்றாம் ஞாயிறு வருவதற்கு முன்பே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. வழக்கமாக வேட்டி, சேலை, அரிசி என்று மூன்று பத்தி கோடு போட்டிருப்பார்கள். அந்த முறை நான்காவதாகப் போர்வை என்று ஒரு பத்தி பேனாவால் சேர்த்திருந்தார்கள். மாலை போட்டிருந்த தம்பி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு போர்வை கொண்டுவந்து தந்தார்.

பெயர் எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.