அருப்புக்கோட்டை – திருச்சுழி வறள்நிலமும் சூரிய மின்சாரத்தில் ஊர்ப்பங்கும்

விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களும் அவற்றை ஒட்டிய இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியும் ஒரே வறள்நிலத்தின் தொடர்ச்சி. கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், மல்லி என்று எல்லாம் மானாவாரி; ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய விதைப்பு. விதைக்காமல் போட்ட புஞ்சைகளில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவோருக்கும் ஆடு மேய்ப்போருக்கும் அந்தத் தரிசே பிழைப்பு. பட்டாவில் இவர்கள் பெயர் இருப்பதில்லை.

தமிழக அரசு 2012இல் சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்ட பின், வெயில் மிகுந்த இந்தத் தரிசுக்குத் தேவை கூடியது. 2016 செப்டம்பரில் கமுதியில் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் மின்நிலையம் தொடங்கப்பட்டது. சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அப்போது உலகிலேயே பெரியது.

இத்தகைய நிலையங்களுக்கு நிலம் கிரயமாகிவிட்டால், விற்றவருக்கு ஒரு தடவைப் பணத்தோடு உறவு முடிந்துவிடுகிறது. மேய்ச்சலையும் விறகையும் இழந்தவருக்கு அதுவும் இல்லை. மின்சாரமோ இருபத்தைந்து ஆண்டு விலைபோகும். சூரிய மின்சாரத்துக்கு மாறுவது எல்லோருக்கும் நியாயமாக அமையுமா என்ற கேள்வி இந்த ஊர்களில் இங்கேதான் தொடங்குகிறது.

கர்நாடகத்தின் பாவகடா இதற்குப் பாதி விடை. அங்கே 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்காவுக்கான சுமார் 13,000 ஏக்கரும் குத்தகை நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாயில் தொடங்கி அவ்வப்போது உயரும். நிலம் உழவரிடமே நிற்கிறது. ஆனால் நிலமே இல்லாத கூலிக்காரருக்கு அந்தக் குத்தகையில் பங்கில்லை.

குத்தகைக்குப் பதிலாக நிலையத்திலேயே பங்கு தருவது இன்னொரு வழி. டென்மார்க் 2009 முதல் சில ஆண்டுகள் புதிய காற்றாலைகளின் 20 சதவீதப் பங்கை உள்ளூராருக்கு விற்க முன்வர வேண்டும் எனச் சட்டமே வைத்திருந்தது. கையில் பணம் இருப்பவரே வாங்க முடியும் என்பது அதன் குறை. தென்னாப்பிரிக்கா 2011இல் தொடங்கிய ஏலத் திட்டத்தில், 50 கிலோமீட்டர் சுற்றளவு மக்களுக்கு ஒரு பங்கு கட்டாயம்.

இந்த வறள்நிலத்துக்கு மிகவும் பொருந்துவது தென்கொரியாவின் சினான் தீவுகளின் முறை. 2018இல் அந்த உள்ளாட்சி இயற்றிய விதிப்படி, ஊர்க் கூட்டுறவு மின்நிலையத்தில் பங்காளியாகிறது. 2021 முதல் உறுப்பினருக்கு வருமானப் பங்கு கிடைக்கிறது. வீடு நிலையத்துக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ அந்த அளவுக்குத் தொகை கூடும். அங்கு உரிமையைத் தருவது பட்டா அல்ல, குடியிருப்பு. கரிமூட்டக்காரரையும் ஆட்டுக்காரரையும் கணக்கில் கொண்டுவரும் வழி இதுவே.

பங்கோடு நிலத்தின் பழைய பயனையும் காக்க வழி உண்டு. ஜப்பான் 2013 முதல் தகட்டுக்கு அடியில் பயிரிட அனுமதிக்கிறது. விளைச்சல் வட்டாரச் சராசரியில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தகடுகளை உயர்த்தி நட்டால் இங்கே ஆடாவது மேயலாம்.

இந்தியாவில் இத்தகைய ஊர்ப்பங்குக்குச் சட்ட வாசல் முழுதும் மூடியிருக்கவில்லை. 2019இல் வந்த பிரதமர் குசும் திட்டத்தின் முதல் பிரிவில், துணைமின் நிலையத்துக்கு அருகிலுள்ள தரிசில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையத்தை உழவர் குழுக்கள், கூட்டுறவுகள், ஊராட்சிகள் ஆகியவையே நிறுவி மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்கலாம்.