சாப்பாட்டு நோட்டுக்கு நானூறு வயது



சர்க்கரை, கொழுப்பு என்று மருத்துவரிடம் போனால், "ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். நீங்களோ, போகிற அன்று காலையில் உட்கார்ந்து ஏழு நாள் கணக்கையும் மொத்தமாக எழுதுகிறீர்கள். வீட்டுப்பாட விஷயத்தில் உங்கள் பழக்கம் மாறவே இல்லை! அந்த நோட்டுக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் ஒழுங்காக எழுதுவீர்கள் என்ற நம்பிக்கையில் இந்தப் பதிவு.

முதலில் இத்தாலி. 1561-ல் பிறந்த சான்டோரியோ என்ற மருத்துவர், பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து சாப்பிட்டார். உண்டது, குடித்தது, கழித்தது அனைத்தையும் எடை போட்டுப் பல ஆண்டுகள் குறித்து வைத்தார். 1614-ல் அதை நூலாக்கினார். எட்டு பவுண்டு உள்ளே போனால், சுமார் ஐந்து பவுண்டு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் கண்ணுக்குத் தெரியாமலே வெளியேறுகிறது என்பது அவர் கணக்கு. உடம்பைப் பற்றி ஊகித்துப் பேசிய காலத்தில், அளந்து பேசலாம் என்று காட்டியவர் அவர்.

அடுத்து லண்டன். வில்லியம் பான்டிங், ஈமச்சடங்குகளை நடத்திக் கொடுக்கும் தொழில் செய்தவர். 1862-ல் அவர் எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. மருத்துவர் சொல்படி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு போன்றவற்றைக் குறைத்து, ஓராண்டில் 46 பவுண்டு இளைத்தார். எந்த வேளைக்கு என்ன, எத்தனை அவுன்ஸ் என்று எழுதி 1863-ல் சிறு புத்தகமாக வெளியிட்டார். சுவீடன் மொழியில் இன்றைக்கும் எடை குறைக்கச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துவதற்கு 'பான்டா' என்றுதான் பெயர்!

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே இந்த நோட்டு வந்தது கொழுத்தவர்களுக்காக அல்ல, இளைத்தவர்களுக்காக. 1930-களில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர் அய்க்ராய்ட். அவர் காலத்தில் ஆய்வாளர்கள் தென்னிந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், உலையில் போடும் முன்பே அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் எடை போட்டு எழுதினார்கள். தீட்டிய அரிசி தட்டை நிறைத்தது. பாலும் கீரையும் பருப்பும் போதவில்லை என்பது அந்தக் கணக்குகளில் தெரிந்தது.

ஆனால் அந்த முறையில் ஒரு குறை உண்டு. பானைக்குள் போனது தெரியும். யார் தட்டுக்கு எவ்வளவு வந்தது என்பது தெரியாது. ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைக்கு இன்னும் குறைவு என்று வகுத்துப் போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியை வழித்துச் சாப்பிடும் அம்மாவுக்கு உண்மையில் என்ன மிஞ்சியது என்று அந்த நோட்டு சொல்லாது. 1972-ல் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு தொடங்கிய பிறகு, கிண்ணம், கரண்டி மாதிரிகளைக் காட்டி, "நேற்று முழுக்க நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று ஆளாளுக்குக் கேட்டு எழுதும் முறையும் பரவலானது.

கேட்டால் மட்டும் சரியாகச் சொல்லிவிடுவோமா? 1992-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. "குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவில்லை" என்றவர்களைச் சோதித்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கு, உண்மையில் உண்டதில் கிட்டத்தட்டப் பாதிதான். நினைவு நமக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்கிறது. 2008-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் சுமார் 1,700 பேர். தினமும் எழுதியவர்கள், எழுதாதவர்களைப் போல இரண்டு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். அக்கறை உள்ளவர்கள்தான் விடாமல் எழுதுவார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் செலவில்லாத மருந்துக்கு இது நல்ல சாட்சி.

இதில் பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளை மிச்சம் வைத்த அரை தோசை, வீணாகிவிடுமே என்று நின்றபடியே வாயில் போட்ட பழைய குழம்புச் சோறு, காலையில் பசியை அடக்கிய இரண்டாவது காபி: இவை எதுவும் 'சாப்பாடு' என்று உங்கள் நினைவில் பதிவதில்லை. ஒருத்திக்குச் சர்க்கரை ஏறுவதும், இன்னொருத்திக்கு ரத்தம் குறைவதும் இந்தக் கணக்கில் வராத இடத்தில் தொடங்கலாம். குன்னூர் நோட்டில் விடுபட்ட வரியை இனி நீங்கள்தான் எழுத வேண்டும்.

முறை எளிது. நேரம், பண்டம், டம்ளர் கரண்டி அளவு, பசித்ததா இல்லையா, இவ்வளவு போதும். சாப்பிட்ட கையோடு எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு விசேஷ நாளும் அதில் இருக்கட்டும். அடித்துத் திருத்தாதீர்கள், மருத்துவர் மதிப்பெண் போடப்போவதில்லை. நானும் சிவப்பு மை எடுத்துக்கொண்டு வரமாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.