மஞ்சள் காமாலையும் பித்தக்குழாயும்: ஒரு வரலாற்றுப் பார்வை

கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டால், நம் இல்லங்களில் முதலில் எழும் பேச்சு கீழாநெல்லியைப் பற்றியதாகவே இருக்கும். பச்சிலையின்மீது நம் மூத்தோர் வைத்த நம்பிக்கையை நாம் எள்ளவில்லை. வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியும். புகழ் இலைக்குப் போய்ச் சேரும். ஆயின், பித்தக்குழாய் அடைபட்டு வரும் காமாலைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவம் பல நூற்றாண்டுகள் பாடுபட்டது.

அரபு மருத்துவர்கள் காமாலையை ‘யரகான்’ என்றனர். இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலில், பித்தம் செல்லும் வழி அடைபடுவதையும் அதன் காரணங்களுள் ஒன்றாக எழுதினார், குடற்புழுக்களையும் வகைப்படுத்தினார்.

பித்தக்குழாய்க்குள்ளேயே புழு குடியிருக்கும் என்பதற்கான புகழ்பெற்ற சான்று நம் நாட்டில்தான் கிடைத்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்த இளம் சீனத் தச்சர் ஒருவரின் உடலைக் கூறாய்வு செய்த மக்கானல், அவருடைய பித்தக்குழாய்களில் தட்டையான சிறு புழுக்களைக் கண்டு, 1875-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். நன்னீர் மீனைப் பச்சையாக உண்பதால் பரவும் புழு அது. மீனைக் குழம்பிலே கொதிக்க வைத்து உண்ணும் நமக்கு அதனால் பெரிய அச்சமில்லை.

நாம் அஞ்சவேண்டியது மண்ணிலிருந்து கைவழியாகவும், கழுவாத கீரைவழியாகவும் வயிற்றுக்குள் செல்லும் உருளைப்புழுவையே. சிறுகுடலில் வாழும் அது சிலவேளை பித்தக்குழாயின் வாயில் நுழைந்து மேலேறிவிடும். உள்ளேயே மடிந்தால் அதைச் சுற்றிக் கல்லும் உருவாகலாம். ஸ்ரீநகர் ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் முஹம்மது சுல்தான் குரூவும் அவர் குழுவினரும் இத்தகைய 500 நோயாளிகளைப் பற்றி 1990-இல் அதே ‘லான்செட்’டில் எழுதினர். அவர்களுள் 280 பேருக்குப் பித்தவலி. 121 பேருக்குப் பித்தக்குழாய் அழற்சி. பெரும்பாலோர்க்கு அறுவை தேவைப்படவில்லை. குடலை ஓயவிட்டு மருந்து கொடுத்தபோது புழு தானே கீழிறங்கியது.

இதனை உயிருள்ளவரிடத்தே காண உதவியது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். 1882-இல் பெர்லினில் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியபோது எக்ஸ்ரேகூடப் பிறக்கவில்லை. 1924-இல் கிரகாம், கோல் இருவரும் சாயம் செலுத்திப் பித்தப்பையை எக்ஸ்ரேயில் காட்டினர். இன்றைய ஸ்கேனிலோ கல் தன் பின்னே நிழல் விழச் செய்யும். புழு நிழலில்லாத நீண்ட குழல்போல் தெரியும், உயிரோடிருந்தால் நெளியவும் செய்யும்.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சாலையும் மருத்துவமனையும் அங்கே தாமதமாகவே வந்தன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12 அன்று. அதற்குமுன் பெரிய சிகிச்சைக்குச் சேலத்துக்கோ புதுச்சேரிக்கோ போகவேண்டியிருந்தது. ஆகவே மலைமக்கள் வேரையும் இலையையும் நம்பியதில் வியப்பில்லை. இன்று நமக்கு அந்தக் காரணம் இல்லை.

கண் மஞ்சளோடு வலப்புற மேல்வயிற்று வலியும் குளிர்க்காய்ச்சலும் சேர்ந்தால், அது பித்தக்குழாயில் சீழ் பிடித்ததன் அடையாளமாகலாம்; 1877-இலேயே பிரான்சின் ஷார்கோ இம்மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அந்நிலையில் இலைச்சாற்றில் கழியும் ஒவ்வொரு நாளும் உயிருக்கு ஆபத்து. மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடல் அரித்தாலும் அன்றே ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைப் பிள்ளைகள் மென்று விழுங்கினார்களா, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்களா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.