கல்லறைத் தோட்டத்துப் பையனும் காவிரிக்கரைச் சுடுகாடும்

நீல் கெய்மனின் 'தி கிரேவ்யார்ட் புக்' 2008இல் வெளிவந்த சிறுவர் நாவல். நியூபெரி, கார்னகி ஆகிய இரு பரிசுகளையும் ஒருசேரப் பெற்ற முதல் நூல். இரவில் ஒரு குடும்பத்தையே கொன்று தீர்க்கும் கொலைகாரனிடமிருந்து, தளர்நடைப் பருவத்துக் குழந்தை ஒன்று மட்டும் தப்பிக் குன்றின் மேலுள்ள கல்லறைத் தோட்டத்தை அடைகிறது. அங்குள்ள ஆவிகள் அதை எடுத்து வளர்க்கின்றன. கிப்ளிங்கின் காட்டை நீக்கிவிட்டு அவ்விடத்தில் இடுகாட்டை வைத்த கதை. கெய்மனே அதை மறைக்கவில்லை. சொல்நேர்த்தி உள்ள நூல்தான். எனினும் படித்து முடித்தபோது நம்மிடம் பெரிய கிளர்ச்சி எதுவும் எழவில்லை. ஏன் என்று யோசிக்கையில், நூலின் குறைகளைவிட, நாம் அதைப் படித்த தஞ்சைத் தரணியின் வரலாறே அதிகம் குறுக்கிட்டது.

1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை'யிலிருந்து காத்திக் நாவலின் மரபு தொடங்குவதாகச் சொல்வார்கள். முன்னோர் செய்த பாவம் பழைய மாளிகையின் சுவர்களுக்குள் தங்கிப் பின்வந்தோரைப் பிடிக்கும் என்பது அதன் அச்சாணி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தியன்று. வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் மிதிபட்டு அந்தணன் ஒருவன் இறந்தான். பிரம்மஹத்தி மன்னனைத் தொடர்ந்தது. திருவிடைமருதூர்க் கோயிலின் கீழை வாயிலில் அவன் நுழைந்ததும் அது வெளியே காத்து நின்றது. அவன் மேலை வாயில் வழியே வெளியேறினான் என்கிறது தலக்கதை. கீழை வாயிலில் புகுந்தவர் அவ்வழியே திரும்பக் கூடாது என்ற வழக்கம் இன்றும் உண்டு. பாட்டியின் கையைப் பிடித்தபடி அவ்வாயிலைக் கடக்கும் பிள்ளைக்கு, பயத்தைச் சொல்லும்போதே தப்பும் வழியும் சொல்லப்பட்டுவிடுகிறது. ஐரோப்பிய மாளிகைக்கு மேலை வாயில் கிடையாது. உள்ளே சிக்கியவர் சிக்கியவரே. கெய்மனின் ஆவிகளோ யாரையும் சிக்கவைப்பதில்லை. தாலாட்டுகின்றன, பாடம் சொல்கின்றன. பிரம்மஹத்தியைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இது சற்றே நீர்த்த மோர்.

நாவலின் நாயகன் எழுத்துப் படிப்பது கல்லறைக் கற்களில். நம் காவிரிச் சமவெளியில் எரியூட்டப்பட்டோரின் பெயர் சாம்பலோடு ஆற்றில் போய்விடும். கல் பெரும்பாலும் அரசகுலத்துக்கே வாய்த்தது. முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பட்டீசுவரம் அருகே பள்ளிப்படை எடுத்தான். தஞ்சை மராட்டியருக்கு ராஜாகோரியில் சமாதிகள் உள்ளன. திருப்புறம்பயத்துப் பள்ளிப்படையைக் கல்கி 'பொன்னியின் செல்வ'னில் (1950-54) நள்ளிரவுச் சதியாலோசனைக்குக் களமாக்கினார். தமிழ்ச் சிறுவர் பலர் முதன்முதலில் படித்து நடுங்கிய காத்திக் காட்சி அதுவாகத்தான் இருக்கும் என்பது நம் எண்ணம். (பரணிலிருந்த பைண்டு தொகுதிகளை விடுமுறையில் திருட்டுத்தனமாகப் படித்த தலைமுறை இதை மறுக்காது.)

கெய்மனின் நூலில் நம்மை நிமிர்ந்து உட்காரவைத்தது ஒரே அத்தியாயம். சூனியக்காரி எனக் கொல்லப்பட்ட லைசா ஹெம்ப்ஸ்டாக் என்ற பெண்ணின் ஆவி, கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய புனிதப்படுத்தப்படாத நிலத்தில் இருக்கிறது. பெயரில்லாதோர் புதைகுழிகள் அங்கே. அவளுக்கு ஒரு கல் இல்லை. பையன் அவளுக்காகக் கல் வாங்க முயன்று ஆபத்தில் மாட்டி, முடிவில் கண்ணாடிக் குண்டு ஒன்றில் அவள் பெயரின் முதலெழுத்துகளைத் தீட்டிக்கொண்டு வந்து வைக்கிறான்.

இறந்த பின்னும் ஊர் வேறு, சேரி வேறு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. சேரிக்கென்று தனிச் சுடுகாடு. அதற்குப் பாதையில்லாமல் நடவு முடிந்த வயலில் இறங்கிச் சேற்றில் பாடை சுமந்த ஊர்கள் நம் டெல்டாவில் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், நெல்கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக நடந்த தாக்குதலுக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்த 44 தலித்துகள் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அக்குடிசைக்கு மேலை வாயில் இருக்கவில்லை. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' இந்நிகழ்வை அடியொற்றி எழுந்து 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அது பெரியவர்களுக்கான நாவல். பிள்ளைகளுக்கு நாம் சொல்லிவந்ததோ புளியமரத்து முனியும் வாய்க்கால் கரைக் கொள்ளிவாய்ப் பிசாசும். பயம் உண்மையில் குடியிருந்த வீட்டை நம் பேய்க்கதைகள் சுற்றிக்கொண்டு போயின. வெண்மணியில் இன்று நினைவுச்சின்னம் இருக்கிறது, இறந்தோரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன, ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் மக்கள் கூடுகிறார்கள்.

லைசாவுக்குப் பிறகு நாவல் மீண்டும் இறங்குகிறது. கொலைகாரனுக்குப் பின்னால் ஒரு பழைய இரகசியக் கூட்டம், அதற்கொரு தீர்க்கதரிசனம் என்று விரிந்து வழக்கமான சாகசக் கதையாகிவிடுகிறது. முழுநூலை நாம் யாருக்கும் வற்புறுத்த மாட்டோம். வகுப்பில் வைப்பதானால் லைசா பகுதியை மட்டும் எடுத்து வைக்கலாம். நாவலுக்கு முன்னரே, 2007இல், அது தனிச் சிறுகதையாக வெளிவந்ததுதான்.