வக்கீல் இல்லாத பெண்கள்

சட்டம் படித்தவர்கள் எல்லோரும் ஹுசைனாரா காத்தூன் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். 'ஹுசைனாரா காத்தூன் எதிர் பீகார் உள்துறைச் செயலாளர், 1979' என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். விரைவான விசாரணைக்கும் இலவச சட்ட உதவிக்குமான உரிமையை நிலைநாட்டிய வழக்கு என்று அடுத்த வரி சொல்லும். அந்தப் பெயருக்குரியவள் சிறையில் கிடந்த ஒரு பெண் என்பது அந்த வரியோடு மறந்துபோகும். சங்கப் பெண்பாற் புலவர் பலரைப் பற்றிப் பெயருக்கு மேல் நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் குறையோடு இலக்கியம் படித்துப் பழகியவள் நான். அதனால் சட்ட உதவியின் வரலாற்றை அதிலிருந்த பெண்களின் வழியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் உறுப்பில் 1950-லேயே இருந்தது. ஃபீஸ் யார் கொடுப்பது என்பதை மட்டும் அந்த உறுப்பு சொல்லவில்லை. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 304-ஆம் பிரிவில், வசதியற்றவருக்கு அரசு செலவில் வக்கீல் தரச் சொன்னது. அதுவும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில். ரிமாண்ட் செய்யப்படும் முதல் நாளில் யார் துணை என்ற கேள்வி அப்படியே நின்றது. 1976-ல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் 39ஏ உறுப்பு சேர்ந்தது. பணமில்லை என்பதற்காக ஒருவருக்கு நீதி கிடைக்காமல் போகக் கூடாது என்றது. ஆனால் அது அரசுக்கான வழிகாட்டு நெறிதான். அதை மட்டும் காட்டி யாரும் நீதிமன்றம் போக முடியாது.

1979 ஜனவரியில், தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினராக இருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி, பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் வருடக்கணக்கில் அடைபட்டிருப்பதைப் பற்றி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்தவர்கள் அவர்களில் உண்டு. அதைப் படித்த வழக்குரைஞர் கபிலா ஹிங்கொரானி உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்தக் கைதிகளில் ஒருவரும் அவருக்கு வக்காலத்து கொடுத்திருக்கவில்லை. கைதியோ உறவினரோதான் வர வேண்டும் என்ற வழக்கத்தை மீறி நீதிமன்றம் மனுவை ஏற்றது.

விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. அந்தச் சிறைகளில் எந்தக் குற்றமும் சாட்டப்படாத பெண்கள் இருந்தார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள், சாட்சி சொல்ல வேண்டியவர்கள். 'பாதுகாப்புக் காவல்' என்று சொல்லி அவர்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். பெண்ணைப் பாதுகாப்பது என்றால் அடைத்து வைப்பது என்ற வீட்டு வழக்கத்தை அரசும் கடைப்பிடித்தது. அவர்களை விடுவித்துக் காப்பகங்களுக்கு அனுப்பும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. தொடர்ந்து 1979 மார்ச் 9 அன்று, வறியவருக்கு இலவச சட்ட உதவி இல்லாத விசாரணை நியாயமான விசாரணை ஆகாது, உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21-ஆம் உறுப்பிலேயே அது அடங்கியிருக்கிறது என்றது.

பாகல்பூரில் போலீசார் கைதிகளின் கண்களைக் குத்தி அமிலம் ஊற்றிக் குருடாக்கிய வழக்கிலும் வாதாட வந்தவர் கபிலா ஹிங்கொரானிதான். அவர்களுக்கு ஏன் வக்கீல் தரவில்லை என்று கேட்டபோது, அவர்கள் கேட்கவில்லை என்று பதில் வந்தது. 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிலை மறுத்தது. மாஜிஸ்திரேட் முன் முதன்முதலாக நிறுத்தப்படும்போதே இந்த உரிமை தொடங்குகிறது, அதைக் கைதிக்குச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை, நிதியில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது.

1982 மே மாதம், பத்திரிகையாளர் ஷீலா பர்சே பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண் கைதிகளைச் சந்தித்துப் பேசினார். அவர்களில் 5 பேர், லாக்கப்பில் தங்களைப் போலீசார் அடித்ததாகச் சொன்னார்கள். அவர் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியின் இயக்குநரான ஏ.ஆர். தேசாய் என்ற பெண்மணியைச் சிறைக்கு அனுப்பி அறிக்கை கேட்டது. ஃபீஸுக்கு ஈடு என்று சொல்லிக் கைதிகளின் நகைகளை ஒரு வக்கீல் வாங்கி வைத்துக்கொண்ட கதையும் அப்போது வெளியே வந்தது. 1983 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, பெண்களுக்குத் தனி லாக்கப், பெண் காவலர் காவல், பெண் காவலர் முன்னிலையில் மட்டுமே விசாரணை, கைது செய்தவுடன் சட்ட உதவிக் குழுவுக்குத் தகவல் என்று வரிசையாகக் கட்டளையிட்டது. இன்று இயல்பாகத் தோன்றும் இவற்றின் பின்னால், சிறைக்குள் உட்கார்ந்து தங்களுக்கு நடந்ததைச் சொன்ன அந்தப் பெண்கள் இருக்கிறார்கள்.

1986-ல் சுக் தாஸ் வழக்கில், குற்றவாளி என்ற தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வக்கீல் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை என்பது உண்மை. தன் உரிமை தெரியாதவரால் எப்படிக் கேட்க முடியும் என்றது நீதிமன்றம். வழக்குரை காதையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு நினைவுக்கு வரும். கோவலனைக் கொல்லும் முன் அரசவையில் அவனுக்காக ஒருவரும் வழக்காடவில்லை. கண்ணகி வழக்குரைத்தது அவன் வெட்டுண்ட பிறகு. வழக்குரைத்தலைத் தண்டனைக்கு முன்னால் கொண்டுவரும் முயற்சியாகவே சட்ட உதவியின் வரலாற்றை நான் வாசிக்கிறேன்.

1987-ல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவு பெண்களுக்கு வருமான வரம்பு வைக்கவில்லை. காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. இது சலுகை அல்ல. வசதியான வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் வீடும் நிலமும் வங்கிக் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன? மகன்மீது வழக்கு என்றால் தாலியை அடகு வைத்தாவது வக்கீலிடம் ஓடும் அம்மாக்களை நாம் பார்த்திருக்கிறோம். மருமகள்மீதோ மகள்மீதோ கொலை வழக்கு, திருட்டு வழக்கு என்றால் ஓடுவது யார்? மானம் போய்விட்டது என்று வாசற்கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பங்களே அதிகம்.

பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்றால் என் மாணவிகள் உடனே ஜீவனாம்சம், வரதட்சணை, குடும்ப வன்முறை என்கிறார்கள். கூண்டில் நிற்கும் பெண் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. நம் மேடைகளிலும் பாதிக்கப்பட்ட பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. குற்றம் செய்தாளா இல்லையா என்று தெரியும் முன்பே மற்றவளைப் பேச்சிலிருந்து விலக்கிவிடுகிறோம். அவள் குற்றம் செய்தவளாகவே இருந்தாலும் அவள் தரப்பைச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதுதான் 1979-இன் தீர்ப்பு.

கிடைக்கும் வக்கீல் எல்லா நேரமும் நல்லவராக அமைவதில்லை. கைதியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வாய்தா வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அப்படியானால் மாற்றித் தரும்படி ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்கலாம். நீதிமன்ற வளாகங்களில் சட்டப் பணிகள் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். கையில் எதுவும் இல்லாவிட்டால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது "எனக்கு வக்கீல் இல்லை, சட்ட உதவி வேண்டும்" என்று சொன்னால் போதும். அதைப் பதிவு செய்து வக்கீலை ஏற்பாடு செய்வது அவர் கடமை. இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும், உங்கள் அம்மாவுக்கும், தங்கைக்கும் சொல்லிக்கொடுங்கள்.