கோல்ட் நேவி: 1850–1873

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் இருந்த கோல்ட் தொழிற்சாலை 1873இல் ‘நேவி’ ரிவால்வர் செய்வதை நிறுத்தியது. அங்கே மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள். லண்டனில் தேம்ஸ் கரையில் சாமுவேல் கோல்ட் 1853இல் திறந்து சில ஆண்டுகளிலேயே மூடிய ஆலையில் இன்னும் சுமார் 42,000. கருமருந்து, ஈயக் குண்டு, கேப் மூன்றையும் தனித்தனியாகப் போட்டுச் சுடும் ரிவால்வர்களில் இதைவிட அழகானது பிறக்கவில்லை என்றே நினைக்கிறேன். எண்கோணக் குழல், ஆறு அறை உருளை. அந்த உருளையைச் சுற்றி, 1843இல் காம்பேச்சே அருகே டெக்சாஸ் கப்பல்கள் மெக்சிகோவோடு மோதிய காட்சி பதித்திருக்கும். பெயர்க் காரணமும் அதுதான்.

வேகத்தைப் பார்த்து வந்த ஈடுபாடு இல்லை எனக்கு. அதன் நிதானம்தான் என்னை இழுத்தது.

துப்பாக்கியின் குதிரையை (சுத்தியலை) பாதி இழுத்து நிறுத்தினால் உருளை தடையில்லாமல் சுழலும். ஒவ்வோர் அறையிலும் அளந்த மருந்தைக் கொட்டி, மேலே குண்டை வைத்து, குழலுக்கு அடியில் மடிந்திருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். குண்டு அறையைவிட இம்மியளவு பெரியது. அது இறங்கும்போது நூல் மாதிரி ஓர் ஈய வளையம் சீவப்பட்டு வெளியே விழும். விழுந்தால்தான் அறை இறுக அடைபட்டது என்று நம்பலாம். ஓர் அறையின் நெருப்பு அடுத்ததற்குத் தாவிவிடக் கூடாதே என்று குண்டின் மேல் கொழுப்புத் தடவுவதும் உண்டு. கடைசியாகப் பின்பக்கம் ஆறு முனைகளிலும் ஆறு செப்புக் கேப்புகள். தீபாவளித் துப்பாக்கியில் நம் பிள்ளைகள் வைக்கிற கேப்புக்கு இது மூத்தது. சுட்டு முடித்த கேப் உடைந்து உள்ளே விழுந்தால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அதனால் குதிரையை இழுக்கும்போதே குழலை வானம் பார்க்கத் தூக்குவார்கள். சுட்டபின் புகையில் இலக்கே தெரியாது. கரி ஈரம் உறிஞ்சி இரும்பை அரித்துவிடும் என்பதால் அன்றே வெந்நீரில் கழுவியாக வேண்டும். துப்பாக்கி சுடுவதில் பேர்போன ‘வைல்ட் பில்’ ஹிக்காக் தந்தப்பிடி போட்ட நேவி இரண்டைச் சேர்த்தே வைத்திருந்தார். ஆறு குண்டு தீர்ந்தால் மறுபடி நிரப்ப எதிரி நேரம் தரமாட்டான்.

இப்படி ஒவ்வொரு வெடியையும் சுடுகிறவன் தன் கையாலேயே கட்டினான். அந்தக் கைவேலை மறைந்ததற்காகத்தான் இரங்குகிறேன். ஆனால் கொன்ற கருவிக்கு இரங்கும்போது அதைச் செய்த கைகளையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் இதே நேவியைப் பார்த்து நகல் செய்தன. ஜார்ஜியாவின் கிரிஸ்வால்ட்வில்லில், இரும்புத் தட்டுப்பாட்டால் பித்தளைச் சட்டம் போட்டு, சுமார் 3,600 ரிவால்வர்கள் உருவாயின. அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். 1864 நவம்பரில் வடக்குப் படை அந்த ஆலையைக் கொளுத்தியது.

அந்தப் போரின் மருந்தில் இந்தியர்களான நமக்கும் பங்கு உண்டு. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதிதான் கரியும் கந்தகமும். பிகாரில் நோனியா மக்கள் உவர்மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுத்த உப்பு கல்கத்தா வழியே லண்டன் சந்தைக்குப் போனது. 1861இல் வடக்கு அரசுக்காக கருமருந்துத் தயாரிப்பாளர் லாமோட் டுபான்ட் லண்டன் போய் அங்கே கிடைத்த வெடியுப்பையெல்லாம் வாங்கிக் குவித்தார். தன் ‘டிரென்ட்’ கப்பலில் ஏறி வடக்குப் படை தென் மாநிலத் தூதர்களைப் பிடித்ததில் கோபம் கொண்ட பிரிட்டன் அந்த வெடியுப்பைத் தடுத்து வைத்து, தகராறு தீர்ந்தபின்தான் விட்டது.

நேவியின் ஆயுளை நீட்டியது ஒரு காப்புரிமை. உருளையை முன்பின் துளைத்து, மருந்தும் குண்டும் ஒன்றாய் அடைத்த தோட்டாவைப் பின்னாலிருந்து போடும் முறைக்கு ரோலின் வைட் 1855இல் உரிமை பெற்றார். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் அதைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 1869 வரை கோல்ட் ஆலையால் அதைத் தொட முடியவில்லை. கெடு முடிந்ததும் பழைய ரிவால்வர்களையே தோட்டா போடுகிற மாதிரி மாற்றி விற்றார்கள். 1873இல் கோல்ட்டின் தோட்டா ரிவால்வரையே ராணுவம் ஏற்றது.

1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில், கார்டோனே பக்கத்துப் பட்டறைகளில், நேவியின் நகல்கள் வருகின்றன. உருளையில் அதே கப்பல்கள். நன்றாகவே செய்கிறார்கள். மருந்து போட்டுச் சுட்டு, வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் யாருக்கும் உயிர் அதில் தொங்கவில்லை.

‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஏந்துவதும் நேவிதான். விடுதி அறையில் அதைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருப்பார். வெளியே காலடி கேட்கும். சட்டென்று பூட்டி, தோட்டாக்களைச் செருகிச் சுட்டுவிடுவார். கதை நடப்பது 1862இல். அந்த ஆண்டு நேவியில் தோட்டா செருகவே முடியாது. அவர் மருந்தை அளந்து கொட்டத் தொடங்கியிருப்பார். கதவு அதற்குள் திறந்திருக்கும்.